வலப்பக்கத்து மாப்பிள்ளை

அத்தியாயம் 17

சென்ற வாரம் சந்திரமோகன் ஒரு கோலுக்கு வழிவிட்டதை வாசகர்கள் மன்னித்திருக்கலாம். ஆரணி இன்னும் மன்னிக்கவில்லை.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சந்திரமோகன் பட்டு நெய்கிறவர். வெற்றிவேல் கால்பந்துக் குழுவில் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஸ்டாப்பரும் அவர்தான். பதினொரு வருடமாக அவர் காலடியில் விழுந்தவர்களின் எண்ணிக்கை அதிகம். அவர் பெயரைச் சொன்னால் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் எழுந்து நின்று கும்பிடுவார்.

அப்படிப்பட்டவர் கார்த்திகை ஒன்றாம் தேதி சபரிமலைக்கு மாலை போட்டார். செருப்பை விட்டார். கோபத்தை விட்டார். எதிரே வரும் எல்லாரையும் 'சாமி' என்று அழைத்தார். மனைவி ஸ்வர்ணலதா சாமி, பால்காரர் சாமி, தெருநாயும் சாமி.

அரையிறுதியில் வெறுங்காலோடு இறங்கினார். எதிரணி ஃபார்வர்டும் மாலை போட்டவன். இருவரும் நேருக்கு நேர் வந்தார்கள். "சாமி, நீங்க போங்க சாமி" என்று சந்திரமோகன் ஒதுங்கினார். சாமி போனார். கோல்.

வேறு யார் யாரோ மூன்று கோல் போட்டதால் வெற்றிவேல் பிழைத்து இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. இன்று கார்த்திகை அமாவாசை. அமாவாசைக்கு ஆரணியில் தறி ஓடாது. ஓடாத தறிகளின் சொந்தக்காரர்கள் எல்லாரும் மூன்று மணிக்குக் கோட்டை மைதானத்தில் இருப்பார்கள்.

காலை ஏழு மணிக்கே குழுவின் மேனேஜர் வீரபாகு வீட்டுக்கு வந்துவிட்டார். பட்டுச்சேலைக் கடை வைத்திருக்கிறவர். தொடர்ந்து மூன்று வருடம் ஜெயித்தால் வெள்ளிக் கோப்பை நிரந்தரமாகக் கிடைக்கும். இரண்டு வருடம் முடிந்திருந்தது. கோப்பைக்கென்று கடையில் கண்ணாடி அலமாரி செய்து, அதில் தற்காலிகமாக ஒரு பிள்ளையாரை உட்கார வைத்திருந்தார். பிள்ளையாரும் காலி செய்யத் தயாராகத்தான் இருந்தார்.

"சாமி, தப்பா நெனச்சிக்காதீங்க" என்று ஆரம்பித்தார் வீரபாகு.

"நெனைக்கல சாமி. நான் ஆடல" என்றார் சந்திரமோகன்.

மூன்று தெரு சுற்றி யோசித்து வந்த பேச்சு வீணானதில் வீரபாகுவுக்குச் சற்று வருத்தம்.

"அப்ப யாரை எறக்கறது? ரெண்டாவது ஸ்டாப்பருக்குப் பொன்னுக்கு வீங்கி. வாயே தெறக்க முடியல. மூஞ்சி இவ்ளோ பெருசு."

"லிஸ்ட்ல இன்னொரு பேர் கீதே சாமி."

வீரபாகு சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்துப் பார்த்தார். பதினைந்தாவது பெயர்: பச்சையப்பன். சந்திரமோகனின் தங்கை தீபாவின் கணவர். வீட்டோடு மாப்பிள்ளை. பட்டியலில் பதினைந்து பேர் இருந்தாக வேண்டும் என்பதற்காக மூன்று வருடம் முன்பு சேர்த்த பெயர். அதற்குப் பிறகு பச்சையப்பன் மைதானத்துக்குள் போனது இரண்டு தடவை. இரண்டு தடவையும் கையில் எலுமிச்சம்பழத் தட்டு.

"மாப்பிள்ளையா?" என்றார் வீரபாகு. "வேற யாருமே இல்லியா?"

அதை அவர் சொன்னது, பச்சையப்பன் நீட்டிய காப்பியை வாங்கிக்கொண்டே.

உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்த தீபாவின் காதில் அது விழுந்தது. அந்தத் தோசை தீய்ந்தது. அதையே வீரபாகுவுக்கு அனுப்பினாள்.

பிறகு கணவனை அறைக்குள் கூப்பிட்டாள். நாள்காட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு இன்லண்டு கடிதத்தை எடுத்தாள். பெங்களூரிலிருந்து பச்சையப்பனின் சிநேகிதன் தமிழ்செல்வன் எழுதியது. பவர்லூம் ஷெட்டில் ஒரு இடம் காலி, வீடும் பார்த்து வைக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடு என்று இருந்தது.

"வரோம்னு எழுதிப் போடுங்க" என்றாள் தீபா.

"இன்னிக்கு மாட்ச் தீபா."

"நீங்க இந்த வீட்ல யாருங்க? தறியிலயும் வலப்பக்கம். பந்தியிலயும் கடைசி. இன்னிக்குப் பந்துலயும் வேற யாரும் இல்லாததால நீங்க."

தறியில் வலப்பக்கம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று நெய்யும் சேலைக்கு ஓர் ஆள் போதாது. குழியில் உட்கார்ந்து நெய்கிறவருக்கு வலப்பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து, ஊடை நூலைச் சுமந்து வருகிற நாடாவைக் கையில் வாங்கி, திரும்ப இடப்பக்கம் அனுப்ப வேண்டும். பெரும்பாலும் பொடியன்கள் செய்கிற வேலை. மூன்று வருடமாக அந்த இடத்தில் பச்சையப்பன். குழியில் சந்திரமோகன். சந்திரமோகன் "ம்" என்பார். பச்சையப்பன் கை நீளும். மைத்துனர்கள் இருவருக்கும் நடுவில் மூன்று வருடமாக நடந்த பேச்சுவார்த்தை ஏறக்குறைய அவ்வளவுதான்.

தீபாவுக்கு வலி அதுவும் அல்ல.

போன வருடம் ஐப்பசி அடைமழை. சந்திரமோகனின் மகள் மதிவதனிக்குக் காய்ச்சல் ஏறி நினைவு தப்பியது. பஸ் ஓடவில்லை. பச்சையப்பன் முள்ளிப்பட்டில் ஒரு டிவிஎஸ் 50 இரவல் வாங்கி, பின்னால் ஸ்வர்ணலதா குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள, வேலூருக்குப் புறப்பட்டார். கண்ணமங்கலம் தாண்டி ரோட்டில் முழங்கால் தண்ணீர். அங்கிருந்து வண்டியைத் தள்ளினார். பதினொரு நாள் கழித்து மதிவதனி கண்ணைத் திறந்து இட்லி கேட்டாள்.

அதற்குத்தான் இந்த மாலை.

"சாமிக்கு நாப்பத்தோரு நாள் வெரதம்" என்றாள் தீபா. "வண்டி தள்ளினவருக்கு ஒரு வார்த்தை உண்டா? ஒரு வருஷம் ஆச்சிங்க. எங்க அண்ணன் வாயால ஒரு வார்த்தை வரட்டும், இந்த லெட்டரை நானே கிழிச்சிப் போடறேன். இல்லன்னா வெள்ளிக்கிழமை பதில் எழுதறோம்."

பச்சையப்பன் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"பூட்ஸ் யாருது போட்டுக்கறது?" என்றார்.

கடிதம் நாள்காட்டிக்குப் பின்னால் போனது.

மூன்று மணிக்குக் கோட்டை மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. எதிரணி சந்தவாசல். அவர்களுடைய ஃபார்வர்டு தருமன் ஓடினால் காற்று பின்னால் வரும் என்று சொன்னார்கள். சொன்னவர்கள் சந்தவாசல்காரர்கள் என்பதால் பாதியை நம்பலாம்.

பச்சையப்பன் போட்டிருந்தது மச்சானின் பூட்ஸ். ஒரு சைஸ் பெரிது. முன்னால் பஞ்சு அடைத்திருந்தது.

"நான் கோலுக்குப் பின்னாடி நிக்கிறன் சாமி" என்றார் சந்திரமோகன். "எப்ப எறங்கணும்னு சொல்றன்."

"எப்படி மச்சான் சொல்லுவீங்க?"

"தறியில எப்படி? அப்படித்தான்."

விசில் ஊதியது. தருமன் வந்தான். கோலுக்குப் பின்னாலிருந்து "ம்" என்று கேட்டது. பச்சையப்பன் ஓர் அடி முன்னால் வைத்தார். பந்து அவர் காலடியில் இருந்தது. அதைப் பார்த்து அவரே கொஞ்சம் பயந்தார்.

மறுபடியும் தருமன். மறுபடியும் "ம்". மறுபடியும் பந்து காலில்.

"யாருப்பா அது?" என்றது கூட்டம். "எலுமிச்சம்பழம் குடுப்பாரே, அவரா?"

இருபது நிமிடத்தில் ஏழு "ம்", ஏழு பந்து. இதற்கிடையில் வெற்றிவேல் ஒரு கோல் போட்டது. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் தீபா, மதிவதனியை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம் "எங்க வீட்டுக்காரர்" என்றாள். கேட்காமலே சொன்னாள்.

எட்டாவது பந்து தரையில் வரவில்லை. இடுப்பு உயரத்தில், வலப்பக்கமாக, நாடா வருகிற அதே வேகத்தில் வந்தது.

"ம்" என்றார் சந்திரமோகன்.

பச்சையப்பனின் கை நீண்டது. பந்தைப் பிடித்தது. பிடித்ததோடு விட்டதா? மூன்று வருடப் பழக்கத்தில் அப்படியே இடப்பக்கம் திருப்பியும் அனுப்பியது.

மைதானம் அமைதியானது. முப்பது வருடமாக ஊதுகிற ரெஃப்ரிகூட விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஒரு கணம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகுதான் ஊதினார். பெனால்டி.

"யோவ் மாப்ள! அது பந்துயா, நாடா இல்ல!"

"கரை நல்லா வந்துகினு கீதா மாப்ள?"

தருமன் அடித்தான். ஒன்றுக்கு ஒன்று. தீபா மதிவதனியின் கண்ணைப் பொத்தினாள். பொத்த வேண்டியது தன் கண்ணை என்று பிறகுதான் தெரிந்தது.

இடைவேளையில் வீரபாகு வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். கண்ணாடி அலமாரியும் உள்ளே இருக்கும் பிள்ளையாரும் அவர் முகத்தில் தெரிந்தார்கள்.

"பேஜாரா பூட்ச்சே! கையால புடிக்கக் கூடாதுன்னு கொழந்தைக்குத் தெரியும். சாமி, நீங்களே எறங்குங்க. ஜல்தி. ஐயப்பன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, அவரு நம்ம மேட்ச்ச பாத்துகினா கீறாரு?"

பச்சையப்பன் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"இருங்க சாமி" என்றார் சந்திரமோகன். பிறகு, சுற்றி நின்ற இருபது பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தப்பு அவர்து இல்ல. நான் 'ம்'ன்னேன். மூணு வருஷமா நான் 'ம்'ன்னா அவர் கை நீளும். ஒரு நாளும் நீளாம இருந்ததில்ல. இன்னிக்கும் நீண்டுது. கால்ல ஆடறவர் கிட்ட கைக்குச் சொல்ற வார்த்தைய சொன்னது நான்."

"இப்ப தத்துவமா சாமி முக்கியம்?" என்றார் வீரபாகு.

"அவர்தான் ஆடுவாரு. நான் தூரமா போயிடறன்."

சொன்னபடியே வெறுங்காலோடு மைதானத்தைச் சுற்றி நடந்து, எதிரணி கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அங்கிருந்து "ம்" என்றால் சந்தவாசல் கோல்கீப்பருக்குத்தான் கேட்கும்.

போகிறவரின் தோளிலிருந்து கறுப்புத் துண்டை மட்டும் பச்சையப்பன் கேட்டு வாங்கியிருந்தார். அதை முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்கு மாப்ள?" என்று கேட்டார் வெற்றிவேலின் கோலி.

"கை சும்மா இருந்தாத்தான நீளும்?"

விசில் ஊதியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளியில் தண்டனை வாங்கியவர் மாதிரி நின்ற ஸ்டாப்பரைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. முதல் பத்து நிமிடம் அந்தச் சிரிப்புக்கு நியாயம் இருந்தது. "ம்" இல்லாமல் பச்சையப்பன் இரண்டு தடவை தாமதமாக இறங்கினார். ஒரு தடவை பஞ்சு அடைத்த பூட்ஸ் அவரை விட்டுவிட்டுத் தனியாக ஓடிற்று. இரண்டு தடவையும் கோலி காப்பாற்றினார். பூட்ஸை எடுத்து வந்ததும் கோலிதான்.

அப்புறம் பச்சையப்பனுக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

வலப்பக்கம் உட்காருகிறவனுக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அது. "ம்" வருவதற்கு முன்னால் மச்சானின் தோள் அசையும். இடது தோள், ஒரு நூல் அளவு. ஆரம்பத்தில் ஒன்றிரண்டு மாதம்தான் பச்சையப்பன் "ம்"முக்குக் காத்திருந்தார். பிறகு தோளைப் பார்த்தே கையைத் தயாராக வைத்துக்கொள்வார். மரியாதைக்காக "ம்" வரும் வரை நீட்டமாட்டார், அவ்வளவுதான்.

தருமனுக்கும் தோள் இருந்தது.

அடுத்த தடவை தருமன் வந்தபோது பச்சையப்பன் பந்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தார். அது அசைந்தது. அவரும் அசைந்தார். பந்து வந்து அவர் கணுக்காலில் மோதி நின்றது, கூப்பிட்டு வந்த மாதிரி.

கூட்டம் சிரிப்பதை நிறுத்தியது.

எழுபத்தைந்தாவது நிமிடத்தில் வெற்றிவேல் இரண்டாவது கோல் போட்டது. எப்படி என்று போட்டவருக்கே தெரியாது. அவர் திரும்பி நின்று யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பந்து முதுகில் பட்டு உள்ளே போனது.

கடைசி நிமிடம். எல்லாரையும் தாண்டி தருமன் தனியாக வந்தான். கோலி முன்னால் ஓடி வந்து ஏமாந்தார். இப்போது கோலுக்கும் தருமனுக்கும் நடுவில் இருந்தது பச்சையப்பனும் ஒரு கறுப்புத் துண்டும்தான்.

எதிர்க்கோடியில் சந்திரமோகன் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

தோள் இடப்பக்கம் சாய்ந்தது. பச்சையப்பன் அந்தப் பக்கம் முழுதாகப் போய் விழுந்தார். கை வரவில்லை. முகம்தான் போனது. 'பட்' என்ற சத்தம் கோட்டைச் சுவர் வரை கேட்டது. பந்து வெளியே போனது. விசில் நீளமாக ஊதியது.

மூக்கில் ரத்தத்தோடு எழுந்தவர் அப்போதும் துண்டை விட்டிருக்கவில்லை. தருமன் ஓடி வந்து தூக்கினான்.

"அண்ணே, கையைக் கட்டிகினு ஆடற ஆளை இப்பத்தாண்ணே பாக்கறன்."

"நானும் இப்பத்தாம்பா பாக்கறன்" என்றார் பச்சையப்பன்.

வெள்ளிக் கோப்பையை வீரபாகு தலைக்கு மேல் தூக்கி, "காலைலயே சொன்னேன், மாப்பிள்ளைய எறக்கலாம்னு" என்று நான்கு தெருவிலும் சொல்லிக்கொண்டு போனார். கேட்டவர்கள் யாரும் மறுக்கவில்லை. ஜெயித்த நாளில் பொய்க்குக் கொஞ்சம் இடம் கொடுப்பது ஊர் வழக்கம்.

வீட்டில் அமாவாசைப் படையல் முடிந்தது. பச்சையப்பனின் மாமியார் அபிதகுசாம்பாள் பந்திக்கு இலை போட வந்தபோது முதல் இலை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. போட்டது சந்திரமோகன்.

"மாப்ள, வாங்க, உக்காருங்க."

சமையலறையில் தீபாவின் கை கரண்டியோடு நின்றது. இருபது நாளில் அண்ணன் 'சாமி' என்று சொல்லாமல் கூப்பிட்ட முதல் ஆள் இவர்தான்.

மூக்கில் பஞ்சோடு பச்சையப்பன் உட்கார்ந்தார். சந்திரமோகன் வடை வைத்தார். பாயசம் ஊற்றினார். நிமிராமலே பேசினார்.

"அன்னிக்கு நீங்க தண்ணியில வண்டி தள்ளிகினு இருந்தப்ப, நான் போளூர்ல மாட்ச் ஆடிகினு இருந்தேன். கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லன்னு தெரிஞ்சிதான் போனேன். சாதாக் காய்ச்சல்னு நெனச்சேன். திரும்பி வரும்போது கையில கப்பு."

பாயசக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு எத்தனையோ நாள் நெனச்சேன். சொன்னா, நான் எங்க இருந்தேன்னு சேத்துச் சொல்லணும். அதுக்குத்தான் வாய் வரல. சாமி கிட்ட சொல்லிட்டா போதும்னு மாலை போட்டேன். போதாது மாப்ள. என் பொண்ணு இன்னிக்கு என் வீட்ல ஓடிகினு இருக்குதுன்னா, அது நீங்க."

இந்த மாதிரி நேரத்தில் மாப்பிள்ளைகள் கண் கலங்க வேண்டும். பச்சையப்பனுக்கும் கலங்கியது. ஆனால் மூக்கில் பஞ்சு இருந்ததால் எதனால் கலங்கியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"இன்னொரு வடை வைங்க மச்சான்" என்றார்.

மதிவதனிதான் ஓடிப் போய் எடுத்து வந்தாள். நான்கு வைத்தாள்.

மறுநாள் விடிந்தது. சந்திரமோகன் பச்சைத் தண்ணீரில் குளித்து, சரணம் சொல்லி முடித்து, தறிக்கு வந்து, வலப்பக்கம் உட்கார்ந்தார்.

"அய்ய, நீ எதுக்குடா அங்க?" என்றாள் அபிதகுசாம்பாள்.

"இன்னிலேர்ந்து மாப்ள குழியில. நான் வாங்கி அனுப்பறன்."

பச்சையப்பன் தயங்கினார். பிறகு குழிக்குள் இறங்கி மிதியில் கால் வைத்தார். மச்சானின் பூட்ஸ் போல் இல்லை, இது அளவாகத்தான் இருந்தது. நாடாவைக் கையில் எடுத்தார். மூன்று வருடம் கேட்டுக்கொண்டிருந்ததை எப்படிச் சொல்வது என்று அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ம்."

சந்திரமோகனின் கை தாமதமாக நீண்டது. நாடா தரையில் விழுந்து உருண்டது.

"மச்சான்" என்றார் பச்சையப்பன், மிகவும் மரியாதையாக. "தோளைப் பாருங்க."

உள்ளே தீபா சிரித்துக்கொண்டே நாள்காட்டியை விலக்கினாள். கிழிக்க வேண்டிய கடிதம் ஒன்று பாக்கி இருந்தது.

நாள்காட்டிக்குப் பின்னால் ஆணி மட்டும்தான் இருந்தது.

அலமாரியில் தேடினாள். தலையணைக்குக் கீழே தேடினாள். வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அபிதகுசாம்பாள் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"அந்த பெங்களூர் லெட்டரையா தேடற?"

தீபா வாசற்படிக்கு வந்தாள். அதைப் பற்றிக் கணவனைத் தவிர அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நேத்து மாட்ச்சுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடியே அதுக்குப் பதில் எழுதி பெட்டியில போட்டாச்சே."

"யாரு எழுதினது? என்னன்னு எழுதியிருக்கு?"

அபிதகுசாம்பாளுக்கு எழுதத் தெரியாது, படிக்கவும் தெரியாது. அவள் கீரைத்தண்டை ஒடித்துக்கொண்டே தறி இருந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே எழுதத் தெரிந்த இரண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் "ம்" என்றார். இந்தத் தடவை நாடா விழவில்லை.

(தொடரும்)